நூல், கல்வெட்டு, கடைத்தெரு: வயிரம் தேர்ந்த முறைகளின் வரலாறு

வயிரத்தை விலைகொடுத்துப் பெறுமுன் அதனை எவ்வாறு நோக்க வேண்டும் என்பது பற்றி இந்திய மொழிகளில் எழுந்த நூற்செய்திகள் ஏராளம். கௌடிலியரின் அர்த்தசாத்திரம், வராகமிகிரரின் பிருகத்சம்கிதை, புத்தபட்டரின் இரத்தினபரீட்சை, கருடபுராணத்தின் மணியியல் அதிகாரங்கள், அலாவுதீன் கல்ஜியின் கருவூலத்து மணிகளைக் கண்டறிந்த தக்குர பேரு 1315இல் பிராகிருதத்தில் இயற்றிய நூல் என அவ்வரிசை நீளும். தமிழில் சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையும், அதற்கு அடியார்க்குநல்லார் வரைந்த உரையும், பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்து மாணிக்கம் விற்ற படலமும் இவ்வறிவைத் தாங்கி நிற்பன. இவற்றைப் பேசுவோர் பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வருகின்றனர்: வடமொழி மணிநூல்களின் செய்தியே தமிழில் பெயர்த்துரைக்கப்பட்டது என்பது அம்முடிவு. இளங்கோவடிகளே வயிரத்தின் கூர்முனைகளைக் கூறுமிடத்து நூலோர் சொன்னவை எனக் குறிப்பதால் இம்முடிவுக்கு இடமுண்டு. ஆயினும் நூலிலிருந்து வந்த சொல் எது, கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தவர் தந்த சொல் எது எனப் பிரித்துக் காண்பதற்குப் போதிய முயற்சி நடைபெறவில்லை. இக்கட்டுரை அப்பிரிவினையைச் செய்து பார்க்க முற்படுகிறது. இதற்கு இலக்கியமும் உரையும் மட்டும் போதா; தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளும், கோல்கொண்டா வயிரச் சந்தைகளை நேரிற் கண்ட அயல்நாட்டு வணிகரின் குறிப்புகளும் உடன்வைத்து நோக்கப்பெறுகின்றன.

எட்டுப் பலகை, ஆறு கோடி

வயிரத்தின் குணங்கள் ஐந்து என்றும் குற்றங்கள் பன்னிரண்டு என்றும் அடியார்க்குநல்லார் உரைவழி அறிகிறோம். குணங்களுள் முதலிரண்டு எண்ணிக்கை சார்ந்தவை: பலகை எட்டு, கோணம் ஆறு. எஞ்சியவை தாரை, சுத்தி, தராசம் என்பன. இவ்வெண்ணிக்கை மங்கல எண்ணோ கவிஞர் கற்பனையோ அன்று. வயிரம் மண்ணில் விளையும்போது பெரும்பாலும் எண்முகப் படிகமாக உருப்பெறுகிறது. அடியோடு அடி பொருந்திய இரு பட்டைக் கூம்புகளை எண்ணிப் பார்த்தால் அவ்வடிவம் விளங்கும். அதற்கு முகங்கள் எட்டு, முனைகள் ஆறு, விளிம்புகள் பன்னிரண்டு. புத்தபட்டரும் முனை ஆறு, பக்கம் எட்டு, விளிம்பு பன்னிரண்டு என்றே கணக்கிடுகிறார். படிகவியல் என்னும் துறை ஐரோப்பாவில் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இந்நாட்டில் வயிரத்தின் இயல்வடிவம் எண்ணிக் காணப்பட்டிருந்தது என்பதற்கு இஃது ஐயத்திற்கிடமற்ற சான்று.

இதனைப் பெருமைக்குரிய செய்தியாக மட்டும் கொண்டு கடந்துவிடுதல் கூடாது. அக்காலத்தார் வாங்கியது எத்தகைய வயிரம் என்பதை இவ்வெண்கள் தெளிவாக உணர்த்துகின்றன. பட்டைதீட்டிய கல்லுக்கு எட்டு முகமும் ஆறு முனையும் குணமாகா. மண்ணிலிருந்து கிடைத்த இயல்வடிவம் குலையாத கல்லே உயர்ந்தது என்ற மதிப்பீடு நிலவிய காலத்திற்கே இவ்விலக்கணம் பொருந்தும். அர்த்தசாத்திரம் கருவூலத்தில் ஏற்கத்தக்க மணிகளை ஆராயும் அதிகாரத்தில், முனை அழிந்ததும் விளிம்பற்றதும் பக்கம் குறைந்ததுமான வயிரத்தைத் தாழ்ந்ததென ஒதுக்குகிறது. அடியார்க்குநல்லார் உரை தரும் பட்டியலில் கோடி இல்லாமை, கோடி முரிதல், தாரை மழுங்கல் ஆகிய மூன்றும் குற்றங்களாக நிற்கின்றன. இவை மூன்றும் நூல்வழி வந்தவை என்பதில் ஐயமில்லை. கோடி, தாரை என்னும் சொற்களே அதற்குச் சான்று. விந்து, காகபாதம் என்பனவும் அவ்வாறே.

ஆனால் அதே பட்டியலில் கீற்று, துளை, கரி, பிளத்தல், சப்படி என்பனவும் இடம்பெறுகின்றன. அகத்திமதம் போன்ற வடமொழி மணிநூல்கள் வயிரத்தின் பெருங்குற்றங்களாக மலம், விந்து, யவம், ரேகை, காகபாதம் என ஐந்தைக் கூறுவது வழக்கம். யவம் என்பது வாற்கோதுமை வடிவிலான உட்குறை. தமிழ்ப் பட்டியலில் யவம் இல்லை. மாறாக, சப்பையான வடிவத்தைச் சுட்டும் சப்படியும் கருநிற உட்பொருளைச் சுட்டும் கரியும் உள்ளன. ஊர்காண் காதையில் ஏகை என வந்த குற்றத்திற்கு உரைப்பட்டியலில் நேராக நிற்பது கீற்று. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வடநூலை முன்வைத்துக்கொண்டு எழுதியிருப்பின் யவத்தை விடுத்துச் சப்படியைச் சேர்த்திருக்க மாட்டார். இச்சொற்களின் பிறப்பிடத்தை வேறிடத்தில் தேட வேண்டும். இன்றும் வயிரத்தில் தெரியும் கரும்புள்ளியை நகைக்கடையினர் 'கார்பன்' என்றே சொல்கின்றனர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. உரையாசிரியர் காலத்துக் 'கரி'யும் இன்றைய 'கார்பனும்' ஒன்றையொன்று அறியாமல் ஒரே பொருளில் வந்து சேர்ந்துள்ளன.

தஞ்சைக் கல்வெட்டுகள் காட்டும் கண்

ஹுல்ட்ஸ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில், முதலாம் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் பிறரும் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளித்த அணிகலன்களின் விவரம் கல்லிற் பொறிக்கப்பட்டவாறே கிடைக்கிறது. பொன் ஆடவல்லான் என்னும் கல்லாலும் மணிகள் தட்சிணமேரு விடங்கன் என்னும் கல்லாலும் நிறுக்கப்பட்டன. கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என எடை இறங்கும். இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு; இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. அணிகலனில் சேர்ந்த அரக்கின் எடைகூட மறைக்கப்படவில்லை.

இவற்றுள் வயிரங்களைக் கூறும் பகுதிகள் நம் ஆய்வுக்கு மிகவும் இன்றியமையாதவை. வயிரங்கள் எண்ணிக்கையோடு நின்றுவிடவில்லை. விளிம்பு மட்டமானவை, அவற்றுள் சப்பையானவை, சதுரமானவை, உருண்டையானவை எனப் பிரிக்கப்படுகின்றன. அதன்மேல், புள்ளியும் விரிசலும் உடையவை, செம்புள்ளியும் கரும்புள்ளியும் உடையவை, வெந்தாற்போன்ற தழும்புடையவை ஆகியனவும் இவற்றுள் அடக்கம் என வெளிப்படையாகச் சொல்லப்படுகிறது. அரசன் இறைவனுக்கு அளித்த கொடை என்பதற்காகக் குறை மறைக்கப்படவில்லை. மெய்க்கீர்த்திகளின் புகழ்மொழிக்கும் இப்பட்டியலின் வறண்ட நேர்மைக்கும் உள்ள தொலைவு வியப்பளிப்பது. ஒரே அரசனின் காலத்தில், ஒரே கோயிலின் சுவர்களில் இரண்டும் உள்ளன.

இவ்வாறு எழுதியதன் நோக்கம் எளிதில் உய்த்துணரத்தக்கது. நாளை ஒருவர் நல்ல வயிரத்தை எடுத்துக்கொண்டு குறையுள்ள வயிரத்தை அவ்விடத்தில் பதித்துவிட்டால், எண்ணிக்கையும் எடையும் பொருந்தியே இருக்கும். வடிவமும் குறையும் எழுதப்பட்டிருந்தால்தான் மாற்றம் வெளிப்படும். இன்று வயிரத்துடன் தரப்படும் சான்றிதழில் உட்குறைகளின் இருப்பிடத்தைக் கோட்டுப்படமாக வரைந்து தருகின்றனர். கல்வெட்டின் பட்டியல் தனித்தனிக் கல்லுக்கு வரையப்பட்டதன்று, தொகுதியாகச் சொல்லப்பட்டது. ஆயினும் இரண்டும் செய்யும் பணி ஏறத்தாழ ஒன்றே.

இனிச் சொல்லாராய்ச்சிக்கு வருவோம். சப்படி என்பது கல்வெட்டில் வடிவப் பெயர்; அங்கு அது குற்றமாகக் கூறப்படவில்லை. அடியார்க்குநல்லார் உரையிலோ குற்றம். கருவூலத்துக் கணக்கர்க்குச் சப்படி ஓர் இனம். நூல்வழி நின்று எண்முகத்தை இலக்கணமாகக் கொண்டவர்க்கு அது பிறழ்வு. இரு படிகங்கள் ஒட்டிவளர்ந்து முக்கோணச் சப்பையாகத் தோன்றும் வயிரங்கள் இயற்கையில் உண்டு. எட்டுப் பலகை என்னும் அளவுகோலுக்கு அவை பொருந்தா. உரைப்பட்டியல் வடநூலின் அளவுகோலை ஏற்றுக்கொண்டு, கையாண்டவர்களின் சொல்லை அதற்குள் வைத்துள்ளது எனக் கொள்வதே பொருத்தமாகும். எனவே முழுவதும் பெயர்ப்பு என்பாரும் முழுவதும் தமிழர் கண்டது என்பாரும் சான்றுகளில் பாதியையே காண்கின்றனர்.

காகபாதமும் வருணமும்

காக்கைக்கால் வடிவில் கிளைத்த விரிசல் காகபாதம். அது தாங்கிய வயிரத்தை அணிவோர்க்கு இறப்பு நேரும் என மணிநூல்கள் அச்சுறுத்துகின்றன. இதனை மூடநம்பிக்கை என ஒதுக்குவது எளிது. ஆனால் வயிரம் கடினத்தில் எல்லாப் பொருள்களையும் விஞ்சியதாயினும் குறிப்பிட்ட தளங்களில் எளிதில் பிளக்கும் இயல்பினது. எண்முகத்தின் முகங்களுக்கு இணையாக அத்தளங்கள் அமைகின்றன. உள்ளே கிளைத்த விரிசலுடைய கல், தீட்டும்போதோ பதிக்கும்போதோ இரண்டாகிவிடும். பொருளிழப்பு என்னும் உண்மையான இடர் உயிரிழப்பு என்னும் மொழியில் பேசப்பட்டிருக்கலாம் என்பது எம் கருத்து.

கடினத்தையும் உறுதியையும் ஒன்றெனக் கருதியதால் விளைந்த கேடு சிறிதன்று. மெய்யான வயிரம் பட்டடைக்கல்லில் வைத்துச் சம்மட்டியால் அடித்தாலும் உடையாது என்று உரோமானியர் பிளினி எழுதினார். ஆட்டுக்குருதியில் ஊறவைத்தால் மட்டுமே உடையும் என்றும் எழுதினார். அர்த்தசாத்திரமும் அடிதாங்குவதை நல்ல வயிரத்தின் இயல்பாகக் கூறுகிறது. இச்சோதனைக்கு உட்பட்டு நொறுங்கிய நல்வயிரங்கள் எத்தனையோ! 1563இல் கோவாவில் அச்சான தம் நூலில், அங்கு வாழ்ந்த போர்ச்சுகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா இக்கதைகளை மறுத்து, வயிரம் சுத்தியலடியில் உடையக்கூடியதே எனத் தெளிவுபடுத்தினார். வயிரத்தூள் நஞ்சு என்னும் நம்பிக்கையையும் அவர் ஏற்கவில்லை. கருடபுராணம் கூறும் சோதனைகள் இவ்வகையில் மேலானவை. இரும்பு, புட்பராகம், கோமேதகம், வைடூரியம், பளிங்கு, கண்ணாடி ஆகியவற்றால் போலி வயிரம் செய்வோர் உளர் என எச்சரித்து, காரத்தாலும் கீறலாலும் சாணைக்கல்லாலும் தேருமாறு அது பணிக்கிறது. வயிரம் பிற மணிகள் அனைத்தையும் கீறும், அதனைப் பிறிதொன்று கீறாது என்பது அங்குள்ள விதி. கீறற்சோதனை வயிரத்திற்குத் தீங்கற்றது. அடிச்சோதனை வயிரத்தையே அழிப்பது.

நூல்கள் தம்முள் முரண்படுவதும் உண்டு. அர்த்தசாத்திரம் கனமான வயிரத்தைப் புகழ, வராகமிகிரர் எடை குறைந்து நீரின்மேல் செல்வதைச் சிறந்ததென்கிறார். வயிரம் நீரைப்போல் ஏறத்தாழ மூன்றரை மடங்கு அடர்த்தியுடையது. எந்த வயிரமும் மிதவாது. நீரில் கல்லையிட்டுப் பார்க்காமலே எழுதப்பட்ட வரி அது எனத் துணிந்து கூறலாம்.

வருணப் பகுப்பு இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. வெண்மை அந்தணர்க்கு, செம்மையும் பொன்மையும் அரசர்க்கு, வாகைப்பூ நிறம் வணிகர்க்கு, வாளின் நிறம் நான்காம் வருணத்தார்க்கு என வராகமிகிரர் வகுக்கிறார். அரசன் மட்டும் எல்லா நிறத்தையும் அணியலாம், ஏனையோர் தத்தம் நிறத்தையே அணிய வேண்டும் எனப் புத்தபட்டர் மரபு கூறுகிறது. சிலப்பதிகாரமும் நால்வகை வருணத்தைக் குறிக்கிறது. வயிரத்தின் நிறம் நான்காக நிற்பதன்று. வெண்மையிலிருந்து மஞ்சளுக்கும் பழுப்புக்கும் மெல்லமெல்லச் சரிந்து செல்வது. அச்சரிவை நான்கு கூண்டுகளில் அடைத்தது கல்லைக் கண்ட கண்ணன்று, சமுதாயத்தைப் பகுத்த கண். கல்வெட்டுப் பட்டியல்களில் வடிவமும் புள்ளியும் விரிசலும் வயிரங்களைப் பிரிக்கின்றன. வருணத்திற்கு அங்கு வேலையில்லை. கணக்கெழுதியவர்க்கு அது தேவைப்படவில்லை போலும். மகப்பேறு வேண்டும் பெண்டிர் வயிரம் அணியலாகாது எனச் சிலர் கருதுவதாகப் பிருகத்சம்கிதை கூறுவதையும், மணமகளுக்கு வயிரத்தோடு இடுவதைப் பெருமையாகக் கருதும் இன்றைய தமிழ்க் குடும்பங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நூல்விதி எவ்வளவு தொலைவு செல்லும் என்பதும் விளங்கும்.

சந்தையில் நிகழ்ந்தது

நூலாசிரியர்கள் சொல்லாமல் விட்ட கடைவழக்கை ழான் பப்திஸ்த் தவர்னியே என்னும் பிரெஞ்சு வணிகர் எழுதிவைத்துள்ளார். 1631க்கும் 1668க்கும் இடையில் ஆறுமுறை கீழ்த்திசைக்குப் பயணம் செய்த இவரது நூல் 1676இல் வெளிவந்தது. ராவுல்கொண்டா, கிருஷ்ணை ஆற்றங்கரையிலுள்ள கொல்லூர் ஆகிய வயிரக் களங்களை அவர் நேரிற் கண்டார்.

ஐரோப்பியர் வயிரத்தைப் பகலொளியில் நோக்க, இந்திய வணிகர் இரவில் நோக்கினர் என்கிறார் அவர். சுவரில் ஓரடிச் சதுரமான மாடம் அமைத்து, தடித்த திரியிட்ட விளக்கை அதனுள் வைத்து, விரலிடையே கல்லைப் பிடித்து அதன் நீரோட்டத்தையும் தூய்மையையும் கண்டறிந்தனர். நாற்புறமும் ஒளி பரவும் பகலைவிட, இருளின் நடுவே ஓரிடத்திலிருந்து வரும் ஒளியில் உட்குறைகள் தெளிவாகத் தோன்றும் என்பது இன்று ஆய்வுக்கூடங்களும் பின்பற்றும் முறை. நீலம் தோய்ந்த நீரோட்டத்தையே மிக இழிந்ததாகக் கருதினர். அதனைக் கண்டறிய இலையடர்ந்த மரத்தின் நிழலுக்குக் கல்லைக் கொண்டுசென்றனர். பசுநிழலில் நீலம் ஒளிந்திருக்க இயலாது. எந்த மணிநூலிலும் இம்மர நிழலை யாம் கண்டிலேம். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்தின் பெயரால் 'ப்ளூ ஜாகர்' என்று சொல்லி நீலச்சாயலைச் சிறப்பாகக் கேட்டு வாங்கும் இன்றைய தமிழ்நாட்டு வழக்கம் இதற்கு நேர்மாறானது. விருப்பம் மாறியுள்ளது, பார்க்கும் பொருள் மாறவில்லை.

ராவுல்கொண்டாவில் வயிரம் வாங்கியோருள் பத்து முதல் பதினாறு வயதுவரையிலான வணிகச் சிறுவர்களும் இருந்தனர். எடைக்கற்களையும் பணப்பையையும் வைத்துக்கொண்டு நாள்தோறும் காலையில் மரத்தடியில் அமர்வர். யாரேனும் கல் கொண்டுவந்தால் மூத்தவன் வாங்கிப் பார்த்து அடுத்தவனிடம் தருவான். ஒருவரும் வாய்திறவாமல் கல் வட்டமாகச் சுற்றி மீண்டும் மூத்தவன் கைக்கு வரும். பின்னரே அவன் விலைபேசுவான். மிகுவிலைக்கு வாங்கிவிட்டால் இழப்பு அவனுடையதே. மாலையில் அன்று வாங்கியவற்றை நீரோட்டம், எடை, தூய்மை ஆகியவற்றால் வகைப்படுத்துவர். இலாபத்தில் மூத்தவனுக்குப் பிறரினும் கால் விழுக்காடு மிகுதி. ஒருவர் தீர்ப்பு மற்றவர் தீர்ப்பைச் சாயச் செய்யாமலிருக்க அந்த மௌனம் உதவியிருக்கும். மணிநூல்கள் பரீட்சகனின் சிறப்பை விரித்துரைக்கின்றன. அவன் எவ்வாறு உருவானான் என்பதை இம்மரத்தடி காட்டுகிறது.

விலைபேசுதலும் மௌனமாகவே நடந்தது. துணியால் மூடிய கைகளுக்குள் முழுக்கையைப் பற்றினால் ஆயிரம், ஐந்து விரல் ஐந்நூறு, ஒரு விரல் நூறு, விரலின் நடுக்கணுவரை ஐம்பது, விரல்நுனி பத்து. சூழ நிற்போர் விலையை அறியார்.

பட்டைதீட்டுவோர் குறையை மறைக்கும் வழியையும் தவர்னியே எழுதுகிறார். தூய கல்லெனில் சாணையை இலேசாகத் தொடவைத்து விடுவர். கருமணலோ செம்மணலோ போன்ற புள்ளிகள் உள்ளே இருப்பின் கல் முழுவதும் சிறுசிறு பட்டைகளாகத் தீட்டி அவற்றைக் கண்ணுக்குப் புலனாகாமற் செய்வர். தஞ்சைக் கல்வெட்டின் செம்புள்ளியும் கரும்புள்ளியும் ஆறு நூற்றாண்டுகளுக்குப் பின் இங்கே மீண்டும் தோன்றுகின்றன. பட்டைகள் மிகுந்த கல்லைக் கண்டால் ஐயுற வேண்டும் என்பது அன்றைய வணிகன் அறிந்த நுட்பம். பட்டை பெருகியதே அழகு என்னும் இன்றைய கருத்துக்கு இது முற்றிலும் மாறுபட்டது. முனையும் விளிம்பும் குற்றக்கணக்கிலிருந்து மறைந்ததும் இம்மாற்றத்தின் விளைவே. மனிதன் முகங்களை அமைக்கத் தொடங்கியபின் இயற்கை அமைத்த எட்டு முகம் உள்ளதா என எவர் எண்ணுவர்? உள்ளே இருக்கும் கீற்றும் துளையும் கரியும் மட்டும் எந்தச் சாணைக்கும் முழுதும் அகப்படாமல் நிலைத்தன.

உட்குறையைத் தவறாகக் கையாண்டமைக்கும் அவர் ஒரு சான்று தருகிறார். 1665இல் ஔரங்கசீப்பின் அவையில் அவர் கண்ட பெருவயிரத்தை ஹோர்த்தென்சியோ போர்ஜியோ என்னும் வெனிசு நகரத்தார் தீட்டியிருந்தார். குறையுள்ள பகுதிகளைப் பிளந்தெடுக்காமல் முழுக்கல்லையும் தேய்த்துவிட்டமையால் எடை பெருமளவு வீணாயிற்று. கூலி கிடைக்கவில்லை, பதினாயிரம் ரூபாய் தண்டம் கட்ட நேர்ந்தது.

விலைக்கணக்கில் மட்டும் நூலும் சந்தையும் வியப்புறும் வகையில் ஒன்றுபடுகின்றன. எட்டு வெண்கடுகு ஒரு தண்டுலம். இருபது தண்டுல வயிரம் இரண்டு இலட்சம் கார்ஷாபணம் என்கிறார் வராகமிகிரர். எடை குறைய விலை அதனினும் விரைந்து வீழ்கிறது. தவர்னியே எடையை அதனாலேயே பெருக்கி, வரும் தொகையை ஒரு காரட்டின் விலையால் மீண்டும் பெருக்கச் சொல்கிறார். பெரிய கல் அரியது என்னும் ஒரே பட்டறிவு இரண்டிற்கும் அடிப்படை. இவ்வணிகத்தில் ஐரோப்பியர் வழங்கிய 'மாஞ்செலின்' என்னும் எடைப்பெயர் நம் மஞ்சாடியின் திரிபே. அச்சுதராயர் காலத்து விசயநகரத்தைப் பற்றி எழுதிய நூனிஸ், இருபது மாஞ்செலினுக்கு மேற்பட்ட வயிரம் அரசனுக்கே உரியது எனக் குறிக்கிறார்.

சென்னையில் ஒரு கல்

1702இல் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர் தாமஸ் பிட், ஜம்சந்த் என்னும் வயிர வணிகரிடம் 410 காரட் எடையுள்ள தீட்டாத கல்லை வாங்கினார். முதலில் சொல்லப்பட்ட விலை இரண்டு இலட்சம் வராகன். பல சந்திப்புகளுக்குப் பின் முடிந்தது 48,000 வராகனுக்கு. தீட்டாத கல்லின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை முற்றும் அறிய இயலாமையே இவ்விரு தொகைகளுக்கும் இடையிலான பெருவெளிக்குக் காரணங்களுள் ஒன்று எனலாம். இலண்டனில் தீட்டப்பட்டபின் ஏறத்தாழ 140 காரட்டே எஞ்சியது. 1717இல் பிரான்சின் அரசப் பிரதிநிதி 1,35,000 பவுனுக்கு வாங்கினார். இன்று அது பாரிசின் லூவர் காட்சிக்கூடத்தில் உள்ளது. முறையற்ற வழியில் அக்கல்லைப் பெற்றார் என எழுந்த பழியை மறுத்து, பேரத்தின் படிநிலைகளைப் பிட் 1710இல் எழுத்தில் அறிவிக்க நேர்ந்தது.

கண்ணாடியும் கருவியும்

அமெரிக்காவில் 1931இல் நிறுவப்பட்ட மணியியல் நிறுவனம் 1950களில் வகுத்த தூய்மைத் தரவரிசை, பத்து மடங்கு பெருக்கும் கைக்கண்ணாடியில் தெரிவதை அளவாகக் கொண்டது. அதற்குள் தென்படாத குறை, குறையாகக் கொள்ளப்படுவதில்லை. நிறம் வண்ணமின்மையிலிருந்து வெளிர்மஞ்சள்வரை இருபத்துமூன்று படிகளாகப் பிரிக்கப்பட்டது. நால்வருணம் இருந்த இடத்தில் இப்படிக்கட்டு வந்தமர்ந்தது.

செம்புள்ளிக்கும் கரும்புள்ளிக்கும் இன்று வேறு விளக்கமுண்டு. படிகம் வளர்ந்தபோது அகப்பட்ட செம்மணிக்கல் சிவப்பாகவும், கரியோ கந்தகச் சேர்மமோ கறுப்பாகவும் தோன்றும். ஆயினும் தமிழ்க் குடும்பங்களில் இப்புள்ளிகள் தோஷம் என்றே அஞ்சப்படுகின்றன. கல்லை வாங்குமுன் சில இரவுகள் வீட்டில் வைத்திருந்து, நல்லது நிகழ்கிறதா அல்லது நிகழ்கிறதா என்று பார்த்தபின் பணம் தருவதும், ஒவ்வாவிடில் திருப்பித் தருவதும் வழக்கமாக உள்ளன. விற்போரும் இதனை ஏற்கின்றனர். இதற்கு எந்த நூல் ஆதாரம் என வினவுவதில் பயனில்லை. அவ்விரவுகளில் கல்லைப் பலமுறை, பல ஒளிகளில், விற்பவர் அருகில் இல்லாதபோது பார்க்க வாய்க்கிறது என்பதை மட்டும் குறிக்கலாம். மாணிக்கம் விற்ற படலத்தில் வணிகனாக வந்த இறைவனே மணிகளின் இலக்கணத்தை அமைச்சர்க்கு எடுத்துரைக்கிறான். அத்தகைய வணிகர் கடைத்தெருவில் எளிதில் கிடைப்பதில்லை.

கருடபுராணத்தின் போலிப்பட்டியலும் நீண்டுகொண்டே வருகிறது. 1990களின் இறுதியில் விற்பனைக்கு வந்த மாய்சனைட், வெப்பத்தைக் கடத்தும் திறனால் வயிரச் சோதனைக் கருவிகளை ஏமாற்றியது. கைக்கண்ணாடியில் பட்டை விளிம்புகள் இரட்டையாகத் தெரிவதே அதனைக் காட்டிக்கொடுக்கும். 1954இல் அமெரிக்காவில் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்ட வயிரமோ போலியன்று. கரிமமே, கடினமும் அதுவே. சூரத்து நகரில் இன்று பெருமளவில் வளர்க்கப்படும் அக்கல்லை மாடவிளக்கும் மரநிழலும் கைக்கண்ணாடியும் இயற்கைக் கல்லினின்று பிரித்தறிய இயலா. நிறமாலைக் கருவிகளே அதனைச் செய்கின்றன. புத்தபட்டர் கூறிய காரம், கீறல், சாணை ஆகிய மூன்று சோதனைகளிலும் அது மெய்வயிரமாகவே தேறும்.